பதினொன்றரை இஞ்சி

டயர் வாங்க வருகிறவர்கள் தனபாலனிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை வருஷம் ஓடும்? பத்தாங் பெர்ஜுந்தாய் கடைத்தெருவில் இருபது வருஷமாக டயர் கடை வைத்திருப்பவனுக்கு அந்தக் கேள்விக்குத் தூக்கத்தில்கூடப் பதில் வரும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் நின்ற தன் பிக்கப்பைக் காட்டி ரெங்கசாமி கேட்டது வேறு.

"சின்ன டயர் போட்டா காடி எவ்வளவு கீழ எறங்கும்?"

தனபாலன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். "எறங்குறதாண்ணே? எங்கிட்ட எல்லாரும் ஏத்தத்தான் கேப்பாங்க."

சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் சொல்லாமலே விட்டுவிடுகிற ஆள் ரெங்கசாமி. அறுபத்தொரு வயது. தோட்டத்து லோரியில் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஓட்டியே பாதி ஆயுள் போயிற்று. பிறகு சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்கி, அதன் பின்னால் ஒரு ட்ரெய்லரைக் கோத்து, அந்த ட்ரெய்லரையே ஒட்டுக்கடையாக மாற்றி, கோல சிலாங்கூர் போகும் சாலையோரம் பதினோரு வருஷமாக மாலை வேளைகளில் பலகாரம் விற்கிறார். பிக்கப்பின் நான்கு டயர்களும் வழுக்கையாகிவிட்டன. மாற்றியே ஆகவேண்டும். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதை மாட்டுவது என்பதில்தான் சிக்கல்.

சிக்கலின் மறுபாதி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. வாசு, ரெங்கசாமியின் மனைவி திலகாவின் தம்பி. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தன் பிக்கப்பை விற்றபோது அதன் ரிம் நான்கையும் டயரோடு கழற்றி, மச்சானுக்கென்று துடைத்து வைத்திருந்து, இன்று விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பதினேழு இஞ்சி ரிம். கறுப்பும் வெள்ளியுமாக வெயிலில் பளபளத்தது.

"சும்மாத்தான் குடுக்குறேன் மச்சான். டயர்ல வரிப் பூ கூட அழியல, பாருங்க. இதப் போட்டா காடி சிங்கம் மாதிரி நிக்கும் லா."

"நிக்கும்," என்றார் ரெங்கசாமி. "அதான் வேணாம்."

"அப்படின்னா?"

ரெங்கசாமி சட்டைப் பையைத் தடவினார். நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதி வைத்திருந்த கணக்கு அதில் இல்லை. பரவாயில்லை, எண்கள் மனதில் இருந்தன.

பழைய டயரின் பக்கவாட்டில் 255/70 R15 என்று இருந்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். நடுவில் இருப்பது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, இஞ்சி என்கிற அங்குலத்தில். இதைத் தனபாலன் அவருக்கு விளக்கத் தொடங்கியபோது, அவர் விரலை நீட்டி அவனை நிறுத்தினார். "அகலம் எரநூத்தி அஞ்சு, நடுவுல எழுவது, ரிம் பதினஞ்சு. அந்த டயர் இருக்கா?"

"இருக்கு. வேன் டயர். ரொட்டிக்காரன் வேன்ல போடுறது."

"முப்பத்தஞ்சு மில்லி எறங்கும், சரியா?"

தனபாலன் கைப்பேசியை எடுத்து அழுத்திப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "சரிதாண்ணே. ஒன்னேகால் இஞ்சிக்கு மேல."

"மச்சான்!" வாசு உள்ளே வந்துவிட்டான். "எல்லாரும் காடிய ஒசத்துறான், நீங்க பள்ளத்துல எறக்குறீங்க. எருமை மாட்டுக்கு ஆட்டுக் குளம்பு வச்ச மாதிரி இருக்கும். ட்ரெய்லர் இழுக்குற காடி இது. பாரம் தாங்குமா?"

அந்தக் கேள்வி நியாயமானது. ரெங்கசாமிக்கும் அதே கவலை இருந்தது. ட்ரெய்லரை இழுக்கிற வண்டியில், கொக்கி வழியாக ஒரு பங்கு பாரம் பின்டயர்களில் வந்து உட்காரும். காஸ் நிரப்பிய தோம்பு, தண்ணீர், மாவு, அடுப்பு எல்லாம் சேர்ந்தது அது. அவர் தனபாலனைப் பார்த்தார்.

"பாரத்துக்குப் பயம் இல்ல," என்றான் தனபாலன். டயரைச் சுவரிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து, அளவுக்குப் பின்னால் இருந்த 'சி' எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினான். "இந்த எழுத்து இருந்தா சாமான் ஏத்துற டயர்னு அர்த்தம். ஒன்னொன்னும் தொள்ளாயிரத்து அம்பது கிலோ தாங்கும். ரிம்மும் மாத்த வேணாம், உங்க பழசுலயே உக்காரும். ஒன்னே ஒன்னு, காத்து கூட வைக்கணும். கொஞ்சம் குலுக்கும்."

"குலுக்குமா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

"அண்ணே, கொஞ்சம்னா கொஞ்சம்."

"முன்டயர்ல காத்தக் கொறச்சு வைக்கலாமா?"

"முன்னுக்குப் பாரம் கம்மிதான். கொஞ்சம் கொறச்சுக்கலாம். உள்ள யாரு, ராணியம்மாவா உக்காரப் போறாங்க?"

ரெங்கசாமி டயரைப் பார்த்துக்கொண்டே நின்றார். தனபாலன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"போடு," என்றார்.

வாசு ரிம்களைத் தன் காரில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். நான்காவதை வைக்கும்போது மட்டும், "அக்காவுக்குத்தான் கொண்டாந்தேன்னு நெனச்சுக்குறேன்," என்றான். கதவை மெல்லச் சாத்தினான். ஓங்கிச் சாத்தியிருந்தால் ரெங்கசாமிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

*

திலகா விழுந்தது எட்டு மாதத்துக்கு முன்னால். மழை விட்டிருந்த சாயங்காலம். கடை போடும் இடத்தில் பிக்கப்பிலிருந்து இறங்கும்போது, கதவுக்குக் கீழே இருக்கும் மிதிபலகையில் கால் வழுக்கியது. கையில் இஞ்சிச் சட்னி வாளி. வாளியை விட்டிருந்தால் கதவுக் கம்பியைப் பிடித்திருக்கலாம். அவள் வாளியை விடவில்லை. இடுப்பெலும்பு உடைந்து, பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்தார்கள்.

இப்போது நடக்கிறாள், சமைக்கிறாள், வாசுவின் தாழ்வான காரில் கோயிலுக்கும் போய் வருகிறாள். பிக்கப்பில் மட்டும் ஏறுவதில்லை. "வேல கெடக்கு, நீங்க போய்ட்டு வாங்க," என்பாள்.

ஒரே ஒரு முறை முயன்றாள். ரெங்கசாமி ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து கதவருகே போட்டார். எதிர்வீட்டுச் சின்னத்தாய் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏண்டி திலகா, ஒரு கை கொடுக்கவா, இல்ல நாலு பேரக் கூப்புடவா?" என்று சிரித்தாள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். திலகா முக்காலியில் வைத்த காலை எடுத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்த முக்காலி குளியலறையில் கிடக்கிறது.

கடை அவள் இல்லாமலும் நடக்கிறது. தோசை கிடையாது, இஞ்சிச் சட்னி கிடையாது. வடையும் தேத்தண்ணியும் மட்டும். ஆனால் ரெங்கசாமிக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது கடை அல்ல, போகிற வழி.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கடை போடும் இடத்துக்கு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போக அரைமணி நேரம் ஆகும். இரண்டு பக்கமும் செம்பனை, வரிசை வரிசையாக. பதினோரு வருஷம் அந்த அரைமணி நேரத்தை அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கழித்திருக்கிறார்கள். பேச்சு இருக்காது. திலகா வீட்டில் நன்றாகப் பேசுவாள், கடையில் இன்னும் நன்றாகப் பேசுவாள். பிக்கப்பில் ஏறியதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே பார்ப்பாள். அவர் சாலையைப் பார்ப்பார். ஒருவர் பேசாமல் இருக்கிறார் என்பதை மற்றவர் தொந்தரவு செய்யாத நேரம் அது. அவர் வாழ்க்கையில் தனக்கென்று ஏதாவது கிடைத்திருந்தால் அது அந்த அரைமணிதான் என்று, அவள் விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இப்போதும் வண்டிக்குள் சத்தம் இல்லை. ஆனால் இது வேறு. காலி வீட்டில் யாரோ இருக்கிறார்களா என்று காது கொடுப்பதைப் போல, அவர் பக்கத்து இருக்கையின் பக்கம் காதை வைத்துக்கொண்டே ஓட்டினார்.

அவளால் ஏற முடியாது என்று அவர் நம்பவில்லை. காரணம் அடுப்படி. அவர்கள் வீட்டில் கொல்லைப்புறத்திலிருந்து அடுப்படிக்குள் வர ஒரே ஒரு உயரமான சிமெண்டுப் படி. வெள்ளம் வந்த வருஷம் உயர்த்திக் கட்டியது. துணி காயப்போட்டுவிட்டு வரும்போது நிலையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, அவள் அதில் ஏறி வருவதைப் பல முறை பார்த்திருந்தார். போன வாரம் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் இரண்டடி ஸ்கேலை எடுத்து அளந்தார். பதினொன்றரை இஞ்சி. ஓடிப்போய் பிக்கப்பின் மிதிபலகையை அளந்தார். பன்னிரண்டே முக்கால். டயர் தேய்ந்து கால் இஞ்சி குள்ளமாகியிருக்கிறது. அதே அளவில் புது டயர் போட்டால் பதின்மூன்றாகிவிடும்.

வெல்டிங் கடைக்காரர் ஏற்கெனவே ஒரு முறை பலகையை இரண்டு இஞ்சி இறக்கிக் கொடுத்திருந்தார். "இன்னும் நீட்டினா ஆடும்," என்று சொல்லிவிட்டார். ஆடுகிற பலகையில் திலகா கால் வைப்பாளா?

ஆக, மிச்சம் ஒன்றரை இஞ்சியை டயர்தான் தரவேண்டும். நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக்கொண்டார். வாசுவின் பதினேழு இஞ்சி ரிம்மோ, முக்கால் இஞ்சி மேலே தூக்கும். அதை அவனிடம் சொல்லலாம்தான். சொன்னால், உன் அக்காவால் ஏற முடியவில்லை என்று கடைத்தெருவில் நின்று சொன்னதாக ஆகும். அவள் தன் வாயால் சொல்லாத ஒன்றை அவர் எப்படிச் சொல்வார்?

*

மத்தியானம் இரண்டரை மணிக்குப் புது டயரோடு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். வழியெல்லாம் ஒரு யோசனை செய்து வைத்திருந்தார்.

"திலகா, எலுமிச்சம்பழம் நாலு எடுத்துட்டு வா. புது டயருக்கு வச்சு ஏத்தணும்."

அவள் வாசலுக்கு வந்து நின்றாள். "புதுக் காடிக்குத்தான் வைப்பாங்க. டயருக்கெல்லாம் எவன் எலுமிச்சம்பழம் வைக்கிறான்?"

"காடி ஓடுறது டயர்லதான."

பழத்தைக் கொண்டுவந்தாள். கற்பூரமும் கொண்டுவந்தாள். அவர் குனிந்து ஒவ்வொரு டயருக்கும் முன்னால் ஒரு பழத்தை வைத்தார். எழுந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நீயும் ஏறேன். முனியாண்டி கோயில் வரைக்கும் ஒரு நட போய்ட்டு வந்துடலாம்," என்றார்.

அவள் வண்டியைப் பார்க்கக்கூட இல்லை.

"நான் எதுக்கு? எல்லாம் இப்ப நீங்களே பாத்துக்குறீங்களே."

"என்ன பாத்துக்குறேன்?"

"ஒன்னும் இல்ல. வாசு போன் பண்ணான். ஆசையா கொண்டாந்தத வேணாம்னு சொல்ல மட்டும் உங்களுக்கு வாய் வருது."

அவள் உள்ளே போய்விட்டாள். நாலு நாளாகவே அவள் இப்படித்தான் இருந்தாள். தட்டை வைப்பதில், தண்ணீர் கொடுப்பதில் எல்லாம் ஒரு கணக்கு. ரெங்கசாமிக்குக் காரணம் புரியவில்லை. கேட்கவும் தெரியவில்லை. தனியாக ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்தினார். நான்கு பழமும் நசுங்கின சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது.

அன்று கடையில் இன்னொரு கூத்து. வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வடைகளெல்லாம் முன்பக்க ஓரத்தில் போய்க் குவிந்தன. ஆலையில் வேலை செய்யும் ஜீவன் தினமும் வருகிறவன். அவன் எட்டிப் பார்த்து, "என்னாண்ணே, வடையெல்லாம் ஒரு மூலையில கூட்டம் போடுது? யூனியன் ஆரம்பிச்சிருச்சா?" என்றான்.

ரெங்கசாமி கீழே இறங்கித் தள்ளி நின்று பார்த்தார். பிக்கப் இறங்கியதில் கொக்கியும் இறங்கி, ட்ரெய்லர் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. இழுக்கிற வண்டிக்கு டயர் பார்த்துப் பார்த்து எடுத்தவர், இழுபடுகிற வண்டியை மறந்தே போயிருந்தார். ஒரு காலின் உயரத்தைத் தவிர அந்த வாரம் அவர் எதையும் நினைக்கவில்லை.

*

மறுநாள் காலை கொல்லைப்புறத்தில் பிக்கப்பைப் பின்பக்கமாக நிறுத்திவிட்டு, கொக்கியைத் தாங்கும் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இழந்த உயரம் திரும்பக் கிடைக்கும். கடைசி நட்டை முறுக்கும்போது திலகாவின் செருப்பு பக்கத்தில் வந்து நின்றது.

"இது என்னங்க?"

நாள்காட்டித் தாள். நான்காக மடித்தது.

"உங்க சட்டையில இருந்துச்சு. தொவைக்கப் போட்டப்ப எடுத்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்ற மாதிரி தெரியல."

ரெங்கசாமி கையைத் துடைத்துக்கொண்டார். "கணக்கு," என்றார்.

"கணக்கா?" அவள் குரல் உயர்ந்தது. "அடுப்படி, பதினொன்றரை இஞ்சி. படி, பதிமூணு இஞ்சி. ஒன்றரை கொறைக்கணும். ஒரு படிக்குப் பதிமூணு இஞ்சி போட்டா தின்னவன் பொழப்பானா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா நான் சொல்லித் தர மாட்டேனா? முப்பத்தி மூணு வருஷம் குடும்பம் நடத்திட்டு, என் சட்னிய எனக்குத் தெரியாம அடுப்படியில போட்டுப் பாத்துருக்கீங்க. நான் வரலன்னா, என் கையும் இனிமே வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தாளை வாங்கித் தன் எழுத்தைத் தானே படித்தார். படி. இஞ்சி. மறுபடியும் படித்தார். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

"இது அந்த இஞ்சி இல்ல, திலகா."

"ஒலகத்துல வேற எந்த இஞ்சி இருக்கு?"

அவர் சாமான் பெட்டியிலிருந்து அந்த இரண்டடி ஸ்கேலை எடுத்தார். அடுப்படி வாசலுக்குப் போய்ச் சிமெண்டுப் படியின் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, விரலை வைத்து, அவள் பார்க்கும்படி காட்டினார்.

"பதினொன்றரை."

பிறகு பிக்கப்பின் கதவருகே வந்து குந்தி, மிதிபலகைக்குக் கீழே அதே ஸ்கேலை நிறுத்தினார்.

"பதினொன்றரை. ஒரு நூல் கூட இருக்கும்."

திலகா சிமெண்டுப் படியைப் பார்த்தாள். மிதிபலகையைப் பார்த்தாள். அப்புறம் அந்த ஒல்லி டயர்களை, ஒன்றிலிருந்து மற்றொன்றாக.

"இதுக்குத்தானா எருமைக்கு ஆட்டுக் கொளம்பு?"

"அதையும் சொன்னானா அவன்?"

"வேற என்ன சொல்லுவான், பாவம்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லலியே."

அவள் தாளை அவர் கையிலிருந்து வாங்கி, பழையபடி நான்காக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மூணு மணிக்குத்தான கெளம்புறீங்க?"

"ம்."

"இஞ்சி அரைக்கணும்," என்று சொல்லிவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு அடுப்படிப் படியேறி உள்ளே போனாள். வந்தபோது மட்டும் அவள் முன்வாசலைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். அதை அவர் கவனிக்கவில்லை.

*

மூன்று மணிக்குச் சின்னத்தாய் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் யாரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. திலகா அவளைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்தாள். நல்ல காலை மிதிபலகையில் வைத்தாள். ஒரு மூச்சு. அவ்வளவுதான். ரெங்கசாமி மறுபக்கக் கதவைத் திறந்தபோது அவள் உள்ளே உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அடியே, ஏறிட்டியா!" என்று கத்தினாள் சின்னத்தாய்.

"ஏறாம? எங்க காடிதான."

பத்தாங் பெர்ஜுந்தாய் கடைத்தெருவைத் தாண்டியதும் செம்பனை தொடங்கியது. டயர் கொஞ்சம் குலுக்கத்தான் செய்தது. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் ரெங்கசாமி முன்கூட்டியே காலைத் தளர்த்தினார். திலகா போர்த்திக்கொண்டு வெளியே பார்த்தாள். யாரும் பேசவில்லை. ஒரு குலை லோரி எதிரே வந்து கடந்தது. அது கிளப்பிய காற்றில் வண்டி லேசாக ஆடி நேரானது. பக்கத்து இருக்கைக்குக் காது கொடுக்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிற்று. அவர் சாலையை மட்டும் பார்த்தார்.

கடை போடும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார். ஜீவன் ஏற்கெனவே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். கண்ணாடிக்குள் திலகாவைப் பார்த்ததும், "அக்கா! இன்னிக்குத் தோசை உண்டா?" என்று கையை ஆட்டினான். அவளும் கையை ஆட்டினாள். ரெங்கசாமி இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

அவள் நகரவில்லை.

கீழே கிரவல் கற்கள். அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை கம்பியில் இருந்தது, மறுகை மடியில் சட்னி வாளியின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தது.

"அடுப்படியில நான் ஏறத்தான் செய்வேன்," என்றாள் மெதுவாக. "எறங்குனதே இல்ல. கொல்லைக்குப் போறதுன்னா முன்வாசல் வழியா சுத்தித்தான் போவேன். ஏறும்போது படி கண்ணுக்கு முன்னால இருக்கு. எறங்கும்போது கீழ ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கு. நீங்க பாக்கலையா?"

அளந்ததெல்லாம் சரி. ஆனால் பாதி வழியைத்தான் அளந்திருக்கிறார்.

"பாக்கல," என்றார்.

"நான் இன்னிக்கு இங்கயே உக்காந்திருக்கேன். நீங்க தோசைக்கல்லப் போடுங்க. இங்கேருந்தே சொல்றேன்."

சரி என்று சொல்ல வாயெடுத்தார். அவள் மடியிலிருந்த வாளியை வாங்கித் தரையில் வைத்தார். ஏறு என்று அவர் ஒரு முறை சொன்னது நேற்று. இறங்கு என்று சொல்ல அவருக்கு மனமில்லை. அவளைத் தூக்கி இறக்குவதும் முடியாத காரியம். ஜீவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவள் தாங்கமாட்டாள். கடையைத் திறக்கலாம் என்று திரும்பினார்.

"நில்லுங்க."

அவர் நின்றார், முதுகைக் காட்டிக்கொண்டு.

"அப்படியே நில்லுங்க. திரும்பாதீங்க. கொஞ்சம் பின்னால வாங்க. இன்னும் கொஞ்சம்."

முதுகு மிதிபலகைக்கு அருகில் வரும்வரை பின்னுக்கு நகர்ந்தார். ஜீவன் என்ன நினைத்தானோ, மோட்டார் சைக்கிளின் சங்கிலியை ஆராய்வதுபோலக் குனிந்துகொண்டான். சாலையில் இரண்டு கார்கள் போயின. பிறகு எதுவும் போகவில்லை. ரெங்கசாமி காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குத் தெரிந்த வேலை.

இடது தோளில் ஒரு கை விழுந்தது. விரல்கள் இறுகின. ஈரமான கை, இஞ்சி வாசனை. கொஞ்ச நேரம் கழித்து வலது தோளிலும். அப்புறம் பாரம் வந்தது. முதலில் கொஞ்சமாக, சோதித்துப் பார்ப்பதுபோல. பிறகு மொத்தமாக. அவர் முழங்காலைத் தளராமல் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றார். பின்னால் பலகை முனகியது. கற்கள் நொறுங்கின, ஒரு கால். மறுகால் வர வெகுநேரம் ஆனது. அவர் திரும்பவில்லை.

மறுகாலும் கற்களில் ஊன்றியது.

பாரம் மெல்லக் குறைந்தது. ஆனால் கைகள் அவர் தோள்களிலேயே இருந்தன.

"திரும்பலாமா?" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றாள் திலகா.